கண்ணாடி ஏற்றிவிட்டுப் பேசியவை

என் பழைய காரில் இடதுபக்கக் கதவுக் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் ஏற்ற வேண்டும். பட்டனை அமுக்கினால் ஏறுகிற ரகம் இல்லை. கைப்பிடியின் முனையில் இருந்த கறுப்புக் குமிழ் என்றைக்கோ கழன்று விழுந்துவிட, அந்தக் கம்பியில் சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றை மாட்டிவைத்தவர் என் சகலை. அதைப் பிடித்து, பந்தயத்தில் சுற்றுகிற மாதிரி வேகமாகச் சுற்றுவார். கண்ணாடி மேலே போய் முட்டியதும் என் பக்கம் தலையை ஆட்டி, "ம், ஆரம்பிங்க சகலை" என்பார். இன்றைக்கும் அந்த ட்யூப் துண்டு அங்கேயே இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் பிடுங்கி ரோட்டில் எறியலாம் என்று கை துறுதுறுக்கும். எறிந்துவிட்டால் கண்ணாடியை இறக்க முடியாது. அதனால் விட்டுவைத்திருக்கிறேன்.

சகலை என்றால் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். புதுக்கோட்டையில் பிளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். நான் இலுப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். மாமனார் வீட்டு விசேஷங்களில் மருமகன்களுக்கு என்ன வேலை இருக்கிறது? நாற்காலியைப் போட்டு உட்கார வைத்து, காப்பியைக் கையில் கொடுத்து, ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட விடமாட்டார்கள். அப்படி உட்கார வைக்கப்பட்ட நாங்கள் இரண்டு பேரும் பேசிப் பேசியே சிநேகிதமானோம். அவர் எதைப் பற்றியும் பேசுவார். மஞ்சுவிரட்டு வீரமா வீம்பா, நம் பிள்ளைகள் ஏன் படித்துவிட்டும் சிங்கப்பூருக்கே ஓடுகிறார்கள், போனில் படிப்பதெல்லாம் படிப்பில் சேருமா என்று எதை எடுத்தாலும் அவரிடம் ஒரு கட்சி இருக்கும். நான் எதிர்க்கட்சி. "நாம பேசுறத நாலு பேரு கேக்கட்டுமே" என்று அவர்தான் பாட்காஸ்ட் யோசனையைக் கொண்டுவந்தார்.

எங்கே பதிவு செய்வது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. வீட்டில் மிக்ஸி, குக்கர், அடுத்த தெருவில் மைக் செட். கடையில் பிளெக்ஸ் மிஷின் இரைச்சல். கடைசியில் என் காரைத் தைலமரக் காட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பேசினோம். தைலமரக் காட்டில் குருவிகூட அதிகம் வராது, அவ்வளவு அமைதி. ஏசி போட்டால் அந்தச் சத்தம் விழும் என்று அதையும் நிறுத்திவிடுவோம். தோளில் ஆளுக்கொரு துண்டு. வேர்த்து ஊற்ற ஊற்ற உலக விவகாரம் பேசுவோம். நிகழ்ச்சிக்குப் பெயரே "கண்ணாடி ஏத்திட்டுப் பேசுவோம்" என்று வைத்தோம். சவுதியில் லாரி ஓட்டுகிறவர், பொன்னமராவதியில் தையல்கடை வைத்திருக்கும் அம்மா, மீமிசலில் வலை பின்னிக்கொண்டே கேட்கிறவர் என்று எங்கெங்கோ இருந்து ஆட்கள் கேட்டார்கள். சகலையின் பேச்சுக்கு ஒரு கூட்டம், என் சிரிப்புக்கு ஒரு கூட்டம். என் சிரிப்பு கொஞ்சம் வெடிச்சிரிப்பு. சின்ன வயதில் அதற்காகவே கோவிலில் அடி வாங்கியிருக்கிறேன்.

பதிவு செய்ததை வெட்டி ஒட்டி வெளியிடுவதெல்லாம் அவர் பொறுப்பு. எனக்கு அந்த வித்தை தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. இருமலை எடுத்துவிடுவார், நான் திக்கியதைச் சரியாக்குவார், என்னை விவரமானவனாகக் காட்டுவார். மைக் மக்கர் பண்ணினால் இருக்கட்டுமே என்று என் போனையும் முன்னால் வைத்துப் பதிவு செய்துகொள்வேன், அவ்வளவுதான். ஒருநாள் அவர் மனசாட்சி என்றால் என்ன என்று ரொம்பக் கனமாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளாடு பானட் மேல் முன்னங்காலைத் தூக்கி வைத்து, கண்ணாடி வழியாக எங்களை உற்றுப் பார்த்து, அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற தினுசில் ஒரு கத்து கத்தியது. நான் சிரித்தேன் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு என் ஆயுசில் சிரித்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டி, கண்ணில் தண்ணீர் வர. அவரும் சிரித்தார். அந்தப் பதிவை வெளியிடவில்லை. "ஆடு கெடுத்திருச்சு, இன்னொரு நாள் பேசுவோம்" என்றார். நானும் மறந்துவிட்டேன்.

எங்கள் மாமனாரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். ஆவூர்ப் பக்கத்துக்காரர், விவசாயி, அத்தை போனபிறகு தனியாக இருப்பவர். எங்கள் நிகழ்ச்சிக்கு முதல் ரசிகர் அவர்தான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டபடியே வரப்பு வெட்டுவார். என்னைக் கண்டால், "மாப்ள, போன வாரம் அவரு சொன்னதுக்கு நீங்க இன்னும் நல்லாப் போட்டுத் தாக்கியிருக்கலாம்" என்பார். என் கல்யாணத்தின்போது என் வீட்டில் ஒன்றும் இல்லை என்று சொந்தக்காரர்கள் இழுத்தபோது, "பையன் முகத்தில சூது இல்ல, எனக்கு அது போதும்" என்று சொல்லிப் பெண்ணைக் கொடுத்த மனிதர். தைலமரம் வந்து நிலத்தடித் தண்ணீர் போன கதையை டீக்கடையில் அவர் சொல்லக் கேட்டால் கூட்டம் கலையாது. அதையே எங்கள் நிகழ்ச்சியில் பேசச் சொல்லிக் கூப்பிட்டோம். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஷேவ் பண்ணிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார்.

முன்சீட்டில் அவரை உட்கார வைத்து, சகலை பின்சீட்டுக்குப் போனார். கண்ணாடி ஏறியது. மாமா சலவைச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "வணக்கம்" என்றார், நிறுத்தினார். எதிரே வரிசை வரிசையாகத் தைலமரம். இருட்டடித்த அந்தச் சின்ன இடத்தில், மூஞ்சியைப் பார்க்காமல் பக்கத்தில் ஒருவன் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எங்கள் கத்தோலிக்கச் சனத்துக்கு அப்படி ஒரு இடம்தான் பழக்கம். கோவிலில் தட்டிக்கு இந்தப்பக்கம் முழங்கால் போட்டு, அந்தப்பக்கம் இருக்கும் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிற இடம். அவர் கை தன்னால் நெற்றிக்குப் போய்ச் சிலுவை வரைந்தது. பிறகு பேசினார். தைலமரத்தைப் பற்றி இல்லை. தம்பியைப் பற்றி. தைலமரம் போடச் சொல்லித் தம்பிக்குப் புத்தி சொன்னதே அவர்தான். தம்பி கிணறு வற்றிப்போய், கத்தரிச்செடி காய்கிறது, ஒரு முறைத் தண்ணீர் விடுங்கள் என்று அண்ணனிடம் வந்து நின்றபோது, மோட்டார் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பிவிட்டார். "மோட்டாரு நல்லாத்தான் இருந்துச்சு மாப்ள. பீசைப் புடுங்கி மடியில வச்சுக்கிட்டுத்தான் அப்படிச் சொன்னேன்." தம்பி நிலத்தை விற்றுத் திருப்பூருக்குப் போய், அங்கேயே வாட்ச்மேன் வேலை பார்த்துச் செத்துப்போனார். அதைச் சொல்லி மாமா குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்தபிறகுதான் மைக் அவர் கண்ணில் பட்டது.

"ஐயோ, இது வெளிய போயிராதுல்ல?" என்று பதறினார். நான் அவர் கண் முன்னாலேயே என் போனில் இருந்ததை அழித்துக் காட்டினேன். சகலை பின்னாலிருந்து எட்டி, மாமாவின் உள்ளங்கையில் தன் கையை அடித்து, "சத்தியமா போகாது மாமா. இந்தக் கண்ணாடியத் தாண்டாது" என்றார். அவ்வளவு உருக்கமாகச் சொன்னார். தங்கமான மனிதர் என்று அன்றைக்கு என் மனைவியிடம் சொன்னேன்.

பரீட்சைப் பேப்பர் திருத்தும் காலத்தில் நான் பதிவுக்குப் போகவில்லை. அவரே தனியாக ஏதோ போட்டிருக்கிறார் என்று தெரியும், கேட்க நேரமில்லை. ஆசிரியர் அறையில் ஒருவர் என் முதுகில் தட்டி, "சார், இந்த வாட்டி ஒங்க சிரிப்பு தூக்கல்" என்றார். நான் எங்கே சிரித்தேன்? ஆய்வகத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன். மனசாட்சி பற்றித்தான் பேசியிருந்தார். நடுவில், "இதே காரில ஒரு பெரியவர் வந்து ஒக்காந்தாரு" என்று ஆரம்பித்தார். பெயர் இல்லை, ஊர் இல்லை. மற்றது அத்தனையும் இருந்தது. பீஸைப் பிடுங்கி மடியில் வைத்தது இருந்தது. மாமா சிலுவை போட்டதை, விசும்பியதை, அதே குரலில் நடித்துக் காட்டினார். "எங்க காரு கோயிலாயிருச்சு, நாங்க சாமியாராயிட்டோம்" என்றார். அதற்கப்புறம் கேட்டது என் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டிச் சிரித்த அந்த ஆட்டுச் சிரிப்பு. "பாருங்க, சகலைக்கே அடக்க முடியல" என்று அதன்மேல் ஒரு வரி வேறு. அது என் தொண்டையிலிருந்து வந்ததுதான், இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வேன்? அழுத மனிதனைப் பார்த்து நான் கெக்கலி கொட்டியதாக ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

நேரே கடைக்குப் போனேன். அவர் ஒரு பிறந்தநாள் பிளெக்ஸுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தார். "வாங்க சகலை, பாத்தீங்களா, இதுவரைக்கும் இவ்வளவு பேரு கேட்டதில்ல" என்றார். குரலில் ஒரு குற்ற உணர்ச்சி, ஒரு தயக்கம், ம்ஹூம். கையில் அடித்துச் சத்தியம் செய்தீர்களே என்றேன். "அவரு கொரலைப் போடலியே? பேரு சொன்னேனா, ஊரு சொன்னேனா?" என் சிரிப்பை ஏன் அங்கே ஒட்டினீர்கள் என்றேன். "கதை ரொம்பக் கனமாப் போச்சு, கொஞ்சம் லேசாக்கணும்ல. அதோட, சிரிச்சது நீங்கதான, நானா சிரிச்சேன்?" என்று சிரித்தார். அந்த நிமிஷம் இவரோடு வேர்வை வடியப் பேசிய பேச்செல்லாம் எனக்குக் கசந்துபோயிற்று. அதை எடுத்துவிடச் சொல்லிச் சத்தம் போட்டேன். எடுத்தார். எடுத்து என்ன? கேட்க வேண்டியவர்கள் கேட்டு முடித்திருந்தார்கள்.

தம்பி மகன் திருப்பூரில் கேட்டுவிட்டுத் தன் அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறான். அந்தச் சின்ன அத்தை மாமாவுக்கு மூன்று வீடு தள்ளித்தான் இருக்கிறார். அத்தை போனபிறகு, புருஷனுக்கு அண்ணன் என்று கூச்சம் பார்க்காமல், தினம் மத்தியானம் ஒரு தூக்கில் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். அன்றோடு தூக்கு வருவது நின்றது. சண்டை இல்லை, சாபம் இல்லை. எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுகிறாராம். என் மனைவி அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சகலை வேறொரு ஆளை வைத்து நிகழ்ச்சியைத் தொடர்ந்துகொண்டிருக்கிறார், பெயரை மட்டும் மாற்றவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் மாமாவைப் பாவசங்கீர்த்தனத்துக்கு நான்தான் வருஷா வருஷம் அழைத்துப் போவேன். இந்த வருஷமும் போனேன். ஆடு வந்த அன்றைய பதிவு என் போனில் இருந்தது. அதை அவர் காதில் வைத்துக் கேட்கச் செய்தேன். ஆடு கத்தியது. நான் சிரித்தேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "கெடா இல்ல, பெட்டை" என்றார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்து, "ஒங்க மேல தப்பில்ல மாப்ள, நல்லாத் தெரியுது" என்றார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கின மாதிரி இருந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "அன்னைக்கு நான் சொன்னதும் அதுல எங்கிட்டாச்சும் இருக்குமா?" ஒங்க முன்னாடிதானே அழிச்சேன் மாமா என்றேன். "ஆமா, அழிச்சீங்க" என்றார். அழித்ததைப் பார்த்தவர்தான். ஆனாலும் என் சட்டைப் பைக்குள் போகும் போனை அவர் கண் விடாமல் பார்த்தது.

காரில் ஏறினோம். வெயில் மண்டையைப் பிளந்தது, ஏசியைப் போட்டேன். அவர் உட்கார்ந்தார், கதவைச் சாத்தினார், அந்த ட்யூப் துண்டைப் பிடித்துக் கண்ணாடியைக் கடைசிவரை இறக்கினார். "ஏசி ஓடுது மாமா" என்றேன். "இருக்கட்டும் மாப்ள, இப்படியே போவோம்" என்றார். அனல்காற்றும் புழுதியும் முகத்தில் அடிக்க, வெளியே பார்த்தபடியே வந்தார். தைலமரக் காடு வந்தது, போனது. கோவிலில் எல்லோரும் வரிசையில் நிற்க, அவர் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வரிசை தீர்ந்தபிறகு சாமியாரே இறங்கி வந்து, "என்ன பெரியவரே, வரலியா?" என்று கேட்டார். மாமா எழுந்து நின்று கும்பிட்டார். "சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல சாமி" என்றார்.