எந்த இடத்தில் விட்டாலும்

லண்டன் கோப்பிக் கடையில் என்ன பால் வேண்டும் என்று கேட்பார்கள். மாட்டுப் பாலா, ஓட்ஸ் பாலா, சோயாவா, பாதாமா. வந்த முதல் வாரம் நான் "எனி மில்க் இஸ் ஃபைன்" என்றேன். கோப்பையைப் பிடித்திருந்த பெண் அப்படியே நின்றுவிட்டாள். திரும்பக் கேட்டாள். நானும் சிரித்துக்கொண்டே அதையே திரும்பச் சொன்னேன். பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். ஊரில் தேத்தண்ணியா கோப்பியா என்று கேட்டால் எதெண்டாலும் பரவாயில்லை என்போம். நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். அங்கே அது மரியாதை. இங்கே அது பதிலே இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடமும் ஒரு ஹொக்கிப் போட்டியும் தேவைப்பட்டன.

கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட் பக்கம் மரக்கறிக் கடை வைத்திருக்கும் ரமணன் அண்ணை, பத்து வயதில் அகதியாக வந்தவர். கோடையில் எங்கள் ஆட்கள் நடத்தும் ஹொக்கிப் போட்டியில் நான்கு அணித்தலைவர்களில் அவரும் ஒருவர். புது ஆட்களை 'ட்ராஃப்ட்' முறையில்தான் எடுப்பார்கள்: எல்லாப் பெயரும் ஒரே பட்டியலில் இருக்கும், தலைவர்கள் மாறி மாறி ஒவ்வொருவராக இழுப்பார்கள். கனடாவில் ஐஸ் ஹொக்கி பார்க்கும் மச்சான்மாரிடமிருந்து வந்த பழக்கம். கூடவே அவர்களுடைய தீராத சண்டையும் வந்தது. அணியில் இருக்கிற ஓட்டையை அடைக்கும் ஆளை எடுப்பதா, மிச்சம் இருப்பவர்களில் கெட்டிக்காரனை எடுத்துவிட்டு இடத்தைப் பிறகு யோசிப்பதா?

நான் புள்ளியியலில் முதுகலை படித்தவன். யாரும் கேட்காமலே பயிற்சி ஆட்டங்களைக் குறித்துவைத்து, எல்லோரையும் வரிசைப்படுத்தி அண்ணையிடம் நீட்டினேன். முதலாவது பெயர் என்னுடையது. பொய் இல்லை, எண்கள் அப்படித்தான் வந்தன.

"ஆர் கெட்டிக்காரனோ அவனை முதல் எடுங்கோ அண்ணை. திறமை எங்கை விட்டாலும் விளையாடும்."

"தம்பி, கடையில வெங்காயம் முடிஞ்சால் நான் வெங்காயம்தான் எடுப்பன். மாம்பழம் நல்லாயிருக்கெண்டு மாம்பழம் எடுக்கேலுமோ? என்னட்டை மூண்டு ஃபோர்வேர்ட் இருக்கினம். பின்னுக்குத்தான் ஆளில்லை."

"மாம்பழத்தை விட்டால் பிறகு கிடையாது அண்ணை."

"ஓம். அழுகவும் செய்யும்."

ஞாயிறு மத்தியானம் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளின் மேல் இருந்துகொண்டு ஆள் எடுத்தார்கள். என் பெயர் கடைசிவரை வரவே இல்லை. பட்டியலில் 'எந்த இடம்' என்றொரு கட்டம் இருந்தது. மற்றவர்கள் லெஃப்ட் பேக், சென்டர் ஹாஃப் என்று எழுதியிருந்தார்கள். நான் 'எந்த இடத்தில் விட்டாலும்' என்று எழுதியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஹொக்கி பழக்கிய சேர் முதலில் திறமான பதினொரு பேரைப் பொறுக்குவார். யார் எங்கே என்பது பிறகுதான். "எங்கையடா விளையாடுவாய்?" என்று கேட்டால் "எங்கை விட்டாலும் சேர்" என்பதே சரியான பதில். "சென்டர் ஃபோர்வேர்ட் மட்டும்" என்ற ஒருவனைத் திமிர் என்று சொல்லி மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். ஆகவே நான் பணிவாகக் கடைசிப் பெயரானேன். ரமணன் அண்ணை கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்கையும் எண்டுதானே எழுதியிருக்கிறாய். எங்களுக்குக் கோல் கீப்பர் இல்லை. அங்கை நில்லு."

புதன்கிழமை ஒரு நேர்முகம். என் விசா அடுத்த மாதம் முடிகிறது. ஸ்பொன்சர் தருவோம் என்று கூப்பிட்ட ஒரே நிறுவனம் அதுதான். போகும்போது ரயிலில் முழுக்க ஒத்திகை பார்த்தேன்: இந்த வேலை, இந்தப் பிரிவு, எனக்கு இது மட்டும். பாடம் படித்தவன் அல்லவா. அந்த வெள்ளைக்காரப் பெண்மணி எந்தப் பிரிவு விருப்பம் என்று கேட்டபோது, எதிரே சேர் நிற்பதுபோல் இருந்தது. எங்கே போட்டாலும் செய்வேன் என்று வாய் சொல்லிவிட்டது. "தட்ஸ் வெரி ஜெனரஸ் ஆஃப் யூ" என்றார். ரயிலில் திரும்பும்போது அதைப் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை, போட்டிக்காகக் காலில் தடித்த பட்டைகளைக் கட்டிக்கொண்டிருக்கையில் மின்னஞ்சல் வந்தது. நான் திறமையானவன்தானாம். குறிப்பிட்ட ஒரு தேவைக்கே ஆள் தேடினார்களாம். அண்ணையிடம் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார்.

"வேறை இடம் ஏதும்..."

"இல்லை அண்ணை. விசா முடியப்போகுது, இனி நாள் காணாது."

அவர் என் ஹெல்மெட்டின் வாரை இறுக்கிவிட்டுப் போனார். என்னைவிட மெதுவாக ஓடும் மூன்று ஃபோர்வேர்டுகளைத் தூரத்தில் கம்பிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். கை துறுதுறுத்தது. பந்து அங்கேயே சுற்றியது. ஊருக்குப் போனால் என்ன என்று அம்மா கேட்கிறா. அங்கே என் படிப்புக்கு வேலை இருந்திருந்தால் வந்தேயிருக்க மாட்டேன்.

இரண்டாம் பாதியில் ஒரு அடி. விழுந்து காலால் தடுத்தேன். பந்து என் அடியில் உருண்டு கோட்டின்மேல் நின்றது. ஹொக்கியில் பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டினால்தான் கோல். இரண்டு பக்கமும் கத்தினார்கள். நடுவர் ஓடிவந்து குனிந்தார். என் உடம்பு மறைத்ததில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இன் ஓர் அவுட்?" என்று என்னிடமே கேட்டார்.

முகத்தைத் தரையில் வைத்தபடி பார்த்தேன். பந்து கோட்டை மூடிக்கொண்டு கிடந்தது. பாதி உள்ளே, பாதி வெளியே. எதெண்டாலும் பரவாயில்லை என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.