பஞ்ச பாண்டவருக்குப் பெயர் வைத்தவன்

கல்யாண மண்டப மேனேஜருக்குத் தாலி கட்டுவதைப் பார்க்கிற பாக்கியம் மட்டும் கிடையாது. சோறு பத்தவில்லை, தண்ணி வரவில்லை, மாப்பிள்ளை ரூமில் ஏசி ஓடவில்லை என்ற வசவெல்லாம் நமக்குத்தான். இதே தொழிலில் அவதிப்படுகிற நண்பர்களே, பழங்காநத்தத்தில் பதினோரு வருடமாக நானும் ஒருவன். பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் செய்ததைச் சொன்னால் என்ன செய்வீர்களோ தெரியாது.

பெயர் வந்த கதை

எங்கள் பக்கத்துக் கல்யாணச் சமையல் முழுக்க ஐந்து மாஸ்டர்கள் கையில். வருகிற பார்ட்டிக்கெல்லாம் ஐந்து பேரையும் ஒப்பித்து அலுத்துப்போய், ஒருநாள் ‘பஞ்ச பாண்டவர்’ என்று எழுதி, கீழே ஐந்து போன் நம்பரைப் போட்டு ஆபீஸ் சுவரில் ஒட்டினேன். ஒரே வருடத்தில் ஏரியாவே அப்படித்தான் கூப்பிட்டது. மாஸ்டர்களும் தர்மன், பீமன் என்று தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். நகுலன் யார், சகாதேவன் யார் என்பதில்தான் இன்னும் தகராறு. யார் நன்றாகச் சமைப்பார்கள் என்று அப்புறம் ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் அப்பா சொன்னார்: "தம்பி, பாண்டவருல எவுக வந்தாலும் சரி. பத்திரிகை குடுக்கையில சொல்லிக்கிட்டா ஒரு கெத்துல்ல!"

பீமன் சாம்பார்

பீமன் மாஸ்டர் ஒரே முகூர்த்தத்துக்கு மூன்று மண்டபம் ஒத்துக்கொண்டு போனிலேயே சமையல் நடத்தினார். எங்கள் மண்டபத்தில் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. யார் காலில் விழுவது என்று யோசித்தபடி பந்தியில் நின்றேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் இரண்டாம் தடவை ஊற்றச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, பாண்டவர் சமையல்னா சும்மாவா? இந்தப் புகை வாசம் வேற எவனுக்கு வரும்!"

ஆறாவது ஆள்

சோழவந்தானிலிருந்து பேச்சியம்மாள் வந்தார். காதுகுத்து, வளைகாப்புக்குச் சமைக்கிறவர். கல்யாண வேலை கிடைத்தால்தான் தன்னோடு வேலை செய்யும் நான்கு பெண்களையும் கலையாமல் வைத்திருக்க முடியும், சுவரில் தன் நம்பரையும் எழுத வேண்டும் என்று கேட்டார்.

அப்போது ஆபீசில் மூன்று மாஸ்டர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சிரிக்கவைக்கும் ஆசையில், "அஞ்சு பேருக்குத்தான் இடம்க்கா. நீங்க வந்தா பாஞ்சாலின்னுல்ல எழுதணும்" என்றேன். சிரித்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பேச்சியம்மாள் மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சமைக்கத் தெரியுமான்னு கேப்பீகன்னு வந்தேன் சார். வாரேன்."

அர்ஜுனன் வராத கல்யாணம்

ஆவணி முகூர்த்தம். முந்தின நாள் மத்தியானம் அர்ஜுனன் மாஸ்டர் கைவிரித்துவிட்டார். மற்ற நால்வரும் வேறு மண்டபங்களில். வேறு வழியில்லாமல் பேச்சியம்மாளுக்குப் போன் போட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "எத்தனை இலை?" என்று மட்டும் கேட்டார்.

நான்கு பெண்களோடு வந்து அறுநூறு இலைக்குச் சமைத்தார். வத்தக்குழம்பைக் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். பெண்ணின் அப்பா சமையற்கட்டுக்கே வந்து, "பாண்டவருல இது யாரு சமையலு?" என்றார். அடுப்படியில் பேச்சியம்மாள் நிமிர்ந்து பார்த்தார். நான், "அர்ஜுனன் மாஸ்டர் ஆளுகதாண்ணே" என்றேன். ஆள் மாறியது தெரிந்தால் சண்டை வருமே என்ற பயம். அவரும் மாஸ்டரைப் புகழ்ந்துகொண்டே போனார்.

கடைசிப் பந்தி முடிந்ததும் வெட்கம் தாங்காமல் மார்க்கர் பேனாவோடு போனேன். "அக்கா, உங்க நம்பரை இப்பவே எழுதிர்றேன்" என்றேன். கரண்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டே சொன்னார்: "வேணாம் சார். இந்தப் பொம்பளைக நாலு பேரும் திங்கக்கெழமையிலருந்து கப்பலூர் கம்பெனி வேலைக்குப் போறாளுக. இன்னைக்கு ஒரு வார்த்தை எங்க பேரைச் சொல்லியிருந்தா, இருந்திருப்பாளுக."

ஐந்து பேருக்குச் சும்மாவே பெயர் வாங்கிக்கொடுத்த நான், சமைத்தவருக்கு அவர் பெயரைக்கூடக் கொடுக்க முடியாமல் மார்க்கரை மூடிக்கொண்டு வந்தேன்.