எழுத்து போட்ட முட்டை

இரண்டு வருடத்துக்கு முன்னால், தெப்பத் திருவிழாக் கூட்டமெல்லாம் கலைந்து எங்கள் வண்டியூர்ப் பக்கம் பழையபடி அமைதியாகியிருந்த நேரம். நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுப்பவள். பொழுதுபோக்குக்குப் பின்பக்கம் நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கிறேன். பொழுதுபோக்கு என்றுதான் பெயர். அதுகள் பின்னால் ஓடுவதிலேயே பாதிப் பொழுது போய்விடும்.

அந்தச் சமயம் ஒரு கருப்பு வெடைக்கோழி வாங்கி விட்டிருந்தேன். இன்றைக்கோ நாளைக்கோ முதல் முட்டை வைத்துவிடும் என்று சொல்லித்தான் அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து கொடுத்தார்கள். மற்றக் கோழிகளைவிட இரண்டு பங்கு தின்னும். முட்டை மட்டும் வைக்காது. என் வீட்டுக்காரர் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான். "இதுக்கு எம்புட்டுத் தீனிதான் போடுவ? ஞாயித்துக்கெழம கொழம்பு வச்சிர வேண்டியதுதான்." எனக்கும் அதன் மேல் கோபம்தான் என்றாலும் இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பம். அந்த அக்காவும் நானும் பின்பக்க மதில் மேல் கையை வைத்துக்கொண்டு பேசாத கதை கிடையாது. அவர்கள் முட்டைகூட வீட்டுக்குள் சேர்க்காதவர்கள். அதற்காக என் கோழிகளைப் பற்றி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவருக்கு ஒரே மகள். பிள்ளை வங்கியில் வேலை பார்க்கிறாள், என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தப் பிள்ளைக்கு முந்தின வருடம் ஒரு வரன் முடிவாகி, மண்டபம் பேசி, பலகாரத்துக்குச் சொன்ன பிறகு, மாப்பிள்ளை வீட்டார் போனில் ஒரு வார்த்தையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம்கூடச் சொல்லவில்லை. நிச்சயத்துக்கு நான் தைத்த ரோஸ் கலர் பிளவுஸை வாங்கிப் போக யாரும் வரவில்லை. ரொம்ப நாள் அது என் அலமாரியிலேயே கிடந்தது. நானாகக் கொண்டுபோய்க் கொடுக்கவும் மனசு வரவில்லை. அக்கா அதற்கப்புறம் கோயிலுக்குப் போவதைக்கூடக் குறைத்துக்கொண்டார். யாராவது விசாரித்துவிடுவார்களோ என்ற பயம்.

இப்போது இரண்டாவது வரன். பையன் பசுமலையில் ஒரு கல்லூரியில் வாத்தியார். இந்தத் தடவை பிள்ளை முகத்திலேயே தெரிந்தது, மனசுக்குப் பிடித்துத்தான் சம்மதித்திருக்கிறாள் என்று. அடுத்த வாரம் நிச்சயம். பச்சைப் பட்டுத் துணி என் மேஜைக்கு வந்துவிட்டது. கத்திரியைக் கையில் எடுத்த நேரம் அக்கா வாசலில் வந்து நின்றார்.

"துணிய வெட்டிட்டியாம்மா?"

"இல்லக்கா, இப்பத்தான்."

"வெட்டாத. வேணாம்."

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து மெதுவாகக் கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது. யாரோ அவர்கள் வீட்டுக்குச் செய்வினை வைத்துவிட்டார்களாம்.

அவர் வீட்டுப் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்குப் பின்னால், ஒரு காலத்தில் துளசி வைத்திருந்த சிமென்ட் தொட்டி ஒன்று உடைந்து கிடக்கிறது. உள்ளே காய்ந்த வேப்பஞ்சருகு. அதற்குள் முதலில் ஒரு முட்டை கிடந்திருக்கிறது. நெல்லிக்காய் அளவுதான். அவர் வீட்டுக்காரர் குச்சியால் தட்டி உடைத்திருக்கிறார். உள்ளே மஞ்சள் கருவே இல்லை.

"ஓடு ஒடையாம உள்ள இருந்த மஞ்சள மட்டும் எடுத்திருக்காங்கம்மா. சாதாரண ஆளு செய்யிற வேலையா இது?" என்றார். நியாயமான கேள்வியாகத்தான் எனக்கும் பட்டது.

அடுத்தது ஓடே இல்லாத முட்டை. தண்ணீர் ஊற்றிய பலூன் மாதிரி, குச்சி பட்டால் அமுங்கியிருக்கிறது. அதை அப்படியே முறத்தில் அள்ளி வாய்க்காலில் போட்டுவிட்டு வந்து மூன்று பேரும் தலைக்குக் குளித்திருக்கிறார்கள். இன்றைக்குக் காலையில் மூன்றாவது.

"இதுல எழுத்து போட்டிருக்காங்க," என்றார் அக்கா.

போய்ப் பார்த்தேன். முட்டையைக் குச்சியால் தொட்டிக்கு வெளியே உருட்டி, மேலே வாளியைக் கவிழ்த்து மூடியிருந்தார்கள். வாளியை நான்தான் காலால் நகர்த்தினேன். சாதாரண அளவு முட்டைதான். ஆனால் ஓடு முழுக்க வரி வரியாக மேடும் பள்ளமும், இடையிடையே புள்ளிகள். ஏதோ தெரியாத பாஷையில் நெருக்கி எழுதியது போலவே இருந்தது. கோழி வளர்க்கிறவள் நான். தினம் முட்டை பொறுக்குகிறவள். எனக்கே அதைக் கையால் தொடத் தைரியம் வரவில்லை. வாளியை வைத்த மாதிரியே மூடிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் முட்டையே வைக்காத ஒரு கோழி தண்டத்துக்குத் தின்றுகொண்டிருக்கிறது, அடுத்த வீட்டில் கோழியே இல்லாமல் முட்டை கிடக்கிறது. இந்த இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்க்க என் மண்டைக்குத் தோன்றவே இல்லை. இதில் என்னை விவரமானவள் என்று தெருவில் சொல்லிக்கொள்வார்கள்.

"நாளைக்கு மத்தியானம் மாப்ள வீட்டுக்குப் போன் போட்டு, இப்ப நேரம் சரியில்ல, தள்ளி வச்சுக்குவம்னு சொல்லிரப் போறேன்," என்றார் அக்கா. தள்ளிவைப்பது என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. போனை மட்டும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

மறுநாள் காலையில் கோழிகளுக்குக் கம்பு போட்டுக்கொண்டிருந்தேன். கருப்பு மட்டும் தீனிக்கு வரவில்லை. தொண்டைக்குள்ளேயே க்ரூ, க்ரூ என்று முனகிக்கொண்டு அங்குமிங்கும் அலைந்தது. முட்டைக்கு இடம் தேடும் கோழி அப்படித்தான் முனகும். சரி, இன்றைக்காவது புத்தி வந்ததே என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தண்ணீர்த் தொட்டி மூடி மேல் ஏறியது. அங்கிருந்து மதில். மதிலிலிருந்து அக்கா வீட்டுப் பக்கம் ஒரே குதி.

கம்புக் கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு மதிலுக்கு ஓடினேன். துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு போய், சொந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி அந்தத் தொட்டிக்குள் போய் உட்கார்ந்தது என் கோழி. பகலெல்லாம் மெஷின் சத்தமும் ரேடியோ சத்தமுமாக நான் கிடந்ததில், அது அங்கேயிருந்து கொக்கரித்ததெல்லாம் எனக்குக் கேட்டதே இல்லை. அவர்களுக்குக் கேட்டிருந்தாலும் என் வீட்டுக் கோழிச் சத்தம்தானே என்று விட்டிருப்பார்கள்.

"அக்கா, மந்திரவாதி வந்திருக்காரு, வந்து பாருங்க," என்று கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிட்டிருக்கக் கூடாது. பாவம், பயந்துபோய் விபூதித் தட்டோடு வந்தார்.

விஷயத்தைச் சொன்னால் நம்பவே மாட்டேன் என்கிறார். "கோழி முட்டை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? கடைல அட்டை அட்டையா அடுக்கி வச்சிருக்கான்ல? எந்த முட்டைல எழுத்து இருக்கு?"

பிள்ளை அதற்குள் போனில் தேடி எடுத்துவிட்டாள். முதல் முதலாக முட்டை வைக்கத் தொடங்கும் கோழி இப்படித்தான் கருவில்லாமலும், ஓடில்லாமலும், வரியோடும் வைக்குமாம். கொஞ்ச நாளில் தானாகச் சரியாகிவிடுமாம். படத்தோடு காட்டினாள். அதே முட்டை, அதே எழுத்து.

"யூட்யூப்ல பேய்கூடத்தான் காட்டுறான்," என்றார் அக்கா.

கடைசியில், கண்ணால் பார்த்தால் நம்புவேன் என்று ஒத்துக்கொண்டார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த சேலைக்குப் பின்னால் மூன்று பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். கோழி எங்களைப் பார்த்தது. நாங்கள் கோழியைப் பார்த்தோம். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எந்தக் கோழிக்கு முட்டை வரும்? அது பாட்டுக்குச் சருகைக் கொத்தித் தன் முதுகு மேல் போட்டுக்கொண்டு, எங்களைவிடப் பொறுமையாக உட்கார்ந்திருந்தது. எனக்கு முழங்கால் மரத்துப்போனது.

நடுவில் பிள்ளையின் போன் அடித்தது. மாப்பிள்ளைப் பையன். கோழி எழுந்து நிற்க, எங்களுக்கு உயிர் போய் வந்தது. பிள்ளை அவசரமாக எடுத்து, "கோழி முட்டை வைக்கப் போகுது, பெறகு பேசுறேன்," என்று கிசுகிசுத்துவிட்டு வைத்தாள். சுத்த சைவ வீட்டுப் பெண் காலங்காத்தாலே இப்படிச் சொன்னால் அந்தப் பையன் என்ன நினைத்திருப்பான் என்று எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

அக்கா சிரிக்கவில்லை. கோழியையே பார்த்துக்கொண்டு, எங்களிடம் பேசுகிற மாதிரியும் இல்லாமல் சொன்னார். "போன தடவ அவுங்க வேணாம்னு சொன்னப்ப, இவ ராத்திரியெல்லாம் மொட்ட மாடில ஒக்காந்திருந்தா. என்னமும் பண்ணிக்கிருவாளோன்னு நானும் படியிலயே ஒக்காந்திருந்தேன். இன்னொரு தடவ அவுங்க நிறுத்துனா என்னால தாங்க முடியாதும்மா. அதுக்கு நானே நிறுத்திட்டேன்னா தேவல."

அந்தப் பிள்ளை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். படியில் அம்மா உட்கார்ந்திருந்தது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அம்மா தோளில் சாய்ந்துகொண்டாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. பயம்தான் முதலில் வந்தது, செய்வினை, மந்திரம் எல்லாம் பிறகு வந்தது. முட்டை கிடைத்திராவிட்டால், நிச்சயத்தை நிறுத்த இந்த அக்காவுக்கு வேறு ஏதாவது ஒன்று கிடைத்திருக்கும்.

அந்த நேரம் கோழி பாதி எழுந்தது. இறக்கையை லேசாக விரித்தது. உடம்பு ஒரு முறை குலுங்கியது. பிறகு ஒதுங்கி நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி கொக்கரித்தது.

நான்தான் முதலில் எட்டிப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சருகு மேல் வழவழவென்று, ஒரு வரி இல்லாமல், ஒரு புள்ளி இல்லாமல், கச்சிதமாக ஒரு முட்டை. இத்தனை நாளும் கோணலும் மாணலுமாக வைத்துத் தொலைத்த கோழி, ஒரே ஒரு நாள், கோணல் முட்டை எனக்கு வேண்டிய நாளில், ஒழுங்காக வைத்திருக்கிறது. அந்த நிமிஷம் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு எனக்குச் சம்மதமாக இருந்தது.

"இது நல்ல முட்டையால்ல இருக்கு?" என்றார் அக்கா. "அது இது இல்லையே."

பிள்ளைதான் சொன்னாள். "அம்மா, நான் மொதமொதல்ல சுட்ட தோசைய நெனச்சுப் பாரு."

அந்தத் தோசைக் கதை எங்கள் தெருவுக்கே தெரியும். ஒன்று கருகி, ஒன்று கல்லோடு ஒட்டி, ஒன்றில் நடுவே ஓட்டை விழுந்து, அக்காவே வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தது. "இப்ப நான் சுட்டா வட்டமா வருதுல்ல? அதையும் இதையும் சுட்டது நான்தானம்மா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரிப்பு. ஒரு வருடமாக நான் கேட்காத சிரிப்பு. பிள்ளையும் நானும் சேர்ந்துகொண்டோம். கோழி வேறு கொக்கரித்துக்கொண்டே இருந்தது.

சிரித்து முடித்ததும் அவர் ஒரு காரியம் செய்தார். அம்பது வயது வரைக்கும் முட்டையைத் தொட்டறியாதவர், குனிந்து, சேலைத் தலைப்பைக்கூடக் குறுக்கே வைக்காமல், வெறும் கையால் அந்த முட்டையை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"சூடா இருக்கும்மா," என்றார் ஆச்சரியமாக.

பிறகு கோழியைப் பார்த்து அவர்கள் வீட்டு மொழியில் என்னமோ சொன்னார். என்ன என்று பிள்ளையிடம் கேட்டேன். "ஒன்னயப் போயி சந்தேகப்பட்டனேன்னு சொல்றாங்க சித்தி," என்றாள்.

அன்று மத்தியானம் அக்கா மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டார். நிச்சயத்துக்கு எத்தனை பேர் வருவார்கள், காரம் குறைவாகச் சாப்பிடுகிறவர்கள் யாராவது உண்டா என்று விசாரிக்க. மதிலுக்கு இந்தப் பக்கம் அதைக் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பச்சைப் பட்டை வெட்டினேன். நிச்சயத்தன்று மாப்பிள்ளைப் பையன் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டது இதுதான். "அந்தக் கோழி எங்க இருக்கு? ஒரு தடவ பாக்கணும்."

கோழி இன்னும் இருக்கிறது. அதை அடிப்பதாக இருந்தால் தன் முகத்தில் முழிக்க வேண்டாம் என்று அக்கா என் வீட்டுக்காரரிடமே சொல்லிவிட்டார். கோணல் முட்டை எப்போதாவது கிடைத்தால் மதில் மேல் வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிடுவேன். "என்ன எழுதியிருக்கான் பாருங்க," என்பேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கல்யாணமாகிப் பசுமலைக்குப் போன மகள் வரப் போகிறாள் என்று வாசிப்பார்.

எனக்கும் காலையில் எழுந்ததும் காரணமில்லாமல் பயம் பிடித்துக்கொள்கிற நாட்கள் உண்டு. அப்போதெல்லாம், அந்த அக்கா வெறும் கையில் முட்டையை வைத்துக்கொண்டு சூடா இருக்கும்மா என்று சொன்ன முகம் ஞாபகத்துக்கு வரும். உடனே மதிலுக்குப் போய் அவரைக் கூப்பிட்டு, என் பயத்தையும் வாளியைக் கவிழ்த்து மூடி வைக்காமல் எடுத்துச் சொல்லிவிடுகிறேன்.