அக்கா மறக்கவில்லை

என் அக்கா குப்பம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவள் எதையும் மறக்கிறவள் அல்ல. எந்த ஆடு எந்த வெள்ளிக்கிழமை குட்டி போட்டது, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வரவில்லை, சிறு வயதில் நான் எத்தனை முறை பொய் சொல்லி அடி வாங்கினேன் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவளை இன்று ஊரே மறதிக்காரி என்கிறது. அவளும் அதை நம்பிவிட்டாள். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான். நாலு வருஷமாக வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

மலைமேல், நெல்லிவாசல் நாட்டில் இருபது வீடுகள் உள்ள ஊர் எங்களுடையது. என் பெயர் சின்னக்குழந்தை. கீழே ஆலங்காயத்தில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. நாற்பதை நெருங்கும் ஆளுக்கு இப்படி ஒரு பெயர் இருந்தால் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? அதனால் சி.கே. மாஸ்டர் ஆகிக்கொண்டேன். மலையிலிருந்து வந்தவன் என்பதையும் யாராவது நோண்டிக் கேட்டால்தான் சொல்வேன்.

என்னை வளர்த்தது அக்காவும் அவள் வீட்டுக்காரர் சடையன் மாமாவும். விடுதியில் இருக்கப் பிடிக்காமல் மூன்று முறை மலையேறி ஓடிவந்தேன். மூன்று முறையும் மாமா ஒரு வார்த்தை திட்டாமல் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆலங்காயத்துக்கு இறங்கினார். ஊர் மாடுகளையெல்லாம் காட்டில் மேய்த்துத் திரிந்த மனிதர். நாற்பது மாட்டின் மணியில் எது யார் மாட்டுடையது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வார்.

எண்பதாம் வருஷம், புளி உலுக்கும் மாசத்தில் அவர் அடுத்தவர் மரத்தில் ஏறி உலுக்கிவிட்டு வந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வருஷம் சிரிக்க ஒன்றும் இல்லை. களி தின்று கை கழுவிய ஈரம் காயும் முன்பே, அவ எனக்குச் சோறே போடறதில்ல என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அக்காவுக்கு மானம் போயிற்று. கழுவின தட்டைக் கொண்டுபோய்க் காட்டி அவரோடு தெருவில் சண்டை போட்டாள். பூசாரியிடம் அழைத்துப்போய் வேப்பிலை அடித்தாள், சேவல் அறுத்தாள். கீழே ஒரு டாக்டரிடம் காட்டியதற்கு, வயசானால் இப்படித்தான் என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

ஒருநாள் சாமை கொட்டி வைத்திருந்த கூடையில் மாமா சிறுநீர் கழித்துவிட்டார். அக்கா புளிய விளாறை எடுத்து விளாசிவிட்டாள். அவர் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு மூலையில் குந்தி, "அடிக்காதம்மா" என்றாராம். முப்பது வருஷம் தன்னை அதட்டி வேலை வாங்கிய மனிதர் தன்னை அம்மா என்கிறாரே என்று அன்றெல்லாம் அழுதிருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் கை ஓங்கியதில்லை.

அதன்பின் அவளாகவே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். சோற்றை ஒரே தடவையில் போடாமல் மூன்று பங்காக வைத்துக்கொண்டாள்; அவர் கேட்கும்போதெல்லாம் போட அவளிடம் சோறு இருந்தது. பொழுது சாயும் நேரம் வந்தால், மாடு வரல, மாடு வரல என்று தவிப்பார். மாட்டை விற்று வருஷமாயிற்று என்று உண்மையைச் சொன்னால் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவார். தடுக்கப் போனால் அறைவார். அதனால், எல்லாம் வந்துவிட்டது, தண்ணீர் காட்டிக் கட்டிவிட்டேன் என்று சொல்லப் பழகினாள். உடனே அடங்கிவிடுவார். கைக்கு வேலையாக நார் கொடுத்துக் கயிறு திரிக்க வைத்தாள். திரித்ததை அவருக்குத் தெரியாமல் பிரித்து மறுநாளும் கொடுத்தாள்.

அவளுக்குப் பிடிபடாதது அவர் நடைதான். கண் அசந்தால் காட்டுப் பக்கம் போய்விடுவார். கயிற்றால் கட்டிப் பார்த்தாள். மணிக்கட்டு கிழிந்து ரத்தம் வந்தது. கடைசியில் பழைய மாட்டு மணி ஒன்றை எடுத்து அவர் இடுப்பில் கட்டினாள். காட்டில் விட்ட மாட்டை எங்கள் ஊரில் யாரும் கண்ணால் தேடுவதில்லை, காதால் தேடுவார்கள். அக்கா சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டே கேட்பாள். மணி சீராக ஆடினால் ஆள் நடக்கிறார். நின்றுவிட்டால் எங்கோ உட்கார்ந்திருக்கிறார். தூரத்தில் கேட்டால் போட்டது போட்டபடி ஓடுவாள். மணி கட்டிய நாளிலிருந்து மாமாவுக்கும் பதற்றம் குறைந்தது. அவ்வப்போது அதைத் தொட்டு ஆட்டிப் பார்த்துக்கொள்வார். ஆனால் அக்காவுக்கு அது உறுத்தல்தான். வெளியாட்கள் வந்தால் மணியின் மேல் ஒரு துண்டைச் சுற்றிவிடுவாள்.

எண்பத்து மூன்று, ஆவணி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. என்னோடு வேலை பார்க்கும் தேவராஜும் அமீனுல்லாவும் மலை பார்க்க வேண்டும் என்றார்கள். காலை பஸ்ஸில் கூட்டிவந்தேன். அக்கா விடியற்காலையிலேயே எழுந்து மாமாவைக் குளிப்பாட்டி, மணியைக் கட்டி, கோழிக் குழம்பும் சாமைச் சோறும் ஆக்கி வைத்திருந்தாள். அன்று களை எடுக்கும் முறை எங்கள் கொல்லைக்கு. ஊர்ப் பெண்கள் வந்து இறங்கிவிட்டதால் அவள் போயே ஆகவேண்டும். சாயங்கால பஸ் வரும் நேரத்துக்குத் திரும்பிவிடுகிறேன், மாமாவைப் பார்த்துக்கொள் என்று என் காதோடு சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் மாமா எழுந்து எங்களிடம் வந்தார். துண்டு நழுவி மணி தெரிந்தது. தேவராஜ் சிரித்துவிட்டான். "இன்னா சார் இது, மாட்டுக்குக் கட்றத மனுசனுக்குக் கட்டி வுட்டுக்கறாங்க? யாரு இவரு?"

அமீனுல்லா தலையைக் குனிந்துகொண்டார். அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னேன்: "எங்க ஊர் ஆளு. கொஞ்சம் சித்தம் சரியில்ல."

என்னைத் தோளில் சுமந்தவரைத்தான் அப்படிச் சொன்னேன். அத்தோடு விட்டேனா? யாரோ பசங்க விளையாட்டுக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று முனகிக்கொண்டே மணியை அவிழ்க்கப் போனேன். முடிச்சு எனக்கு எட்டட்டும் என்று மாமா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றார். கதவோரத்து ஆணியில் அதை மாட்டினேன். குளிப்பாட்டும்போது அக்கா மாட்டும் ஆணி அது. இவர்கள் போனதும் திரும்பக் கட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

சாப்பிட்டோம், அருவிப் பக்கம் போய்வந்தோம், பேசிக்கொண்டிருந்தோம். பஸ் முன்னதாகவே வந்துவிட்டது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் என்பதால் நானும் அவர்களோடு ஓடிப்போய் ஏறினேன். மாமா வாசலில் நார் திரித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வளைவு இறங்கும்போது மணி நினைவுக்கு வந்தது. ஒரு குரல் கொடுத்தால் வண்டி நின்றிருக்கும். எதற்கு இறங்குகிறாய் என்று தேவராஜ் கேட்பானே, அதற்கு என்ன சொல்வது? அக்கா வந்து கட்டிக்கொள்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா கொல்லையில் இருந்தாள். மணி கேட்கவில்லை. தம்பியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று நிம்மதியாகக் களை எடுத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தபோது ஆள் இல்லை. மணி ஆணியில் தொங்கியது.

செவ்வாய்க்கிழமை, மாமாவைக் காணோம் என்று எனக்குத் தகவல் வந்தது. புதன் காலையில் அவரைக் கண்டுபிடித்தார்கள். ஓடைப் பள்ளத்தில் கால் முறிந்து கிடந்தார். உயிர் இல்லை. விழுந்தவுடனே போய்விடவில்லை என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. கைக்கு எட்டிய புல்லையெல்லாம் பிடுங்கி ஒரு முழம் திரித்து வைத்திருந்தார். அக்கா களை எடுத்த கொல்லைக்கும் அந்தப் பள்ளத்துக்கும் கூப்பிடு தூரம். மணி இருந்திருந்தால் அவள் கேட்டிருப்பாள்.

காரியம் முடிந்த மறுநாள், மாமாவின் பங்காளிகள் கேட்டுக்கொண்டதால் கோயில் எதிரே ஊர்க்கூட்டம் கூடியது. ஊர்க்கவுண்டர் அக்காவை நடுவில் நிற்கவைத்துக் கேட்டார். அவள் நிதானமாகத்தான் சொன்னாள்.

"காலையில தண்ணி ஊத்தி வுட்டேங்க. திருப்பிக் கட்டுனதா தாங்க எனக்கு நெனப்பு. ஆனா மணி ஆணிலதான் தொங்குச்சி. நான்தாங்க மறந்துட்டேன்."

ஊர்க்கவுண்டர் என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, நீ வந்தப்ப மணி அவரு இடுப்புல இருந்துச்சா?"

என் முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. படித்தவன் என்று எனக்கு மட்டும் பாய் போட்டிருந்தார்கள்.

"கவனிக்கலீங்க" என்றேன்.

பங்காளிகள் காலில் அவள் விழ வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவர்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களில் அக்கா இடுப்பில் தூக்கி வளர்த்த பையன்களும் இருந்தார்கள். அவள் ஒவ்வொருவர் காலிலும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தாள். பதினோரு பேர். நான் எழுந்து ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்று முதல் என்னை எனக்கே பிடிக்காது.

அக்கா அதோடு மாறிவிட்டாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிறாள். உப்புப் போட்டதை மறந்திருப்பேன் என்று இரண்டாம் தடவை போடுகிறாள். குழம்பு கரிக்கிறது, ஊர் சிரிக்கிறது. சேலை முந்தானையில் ஏழெட்டு முடிச்சு, ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு நினைவு. கொல்லைக்குத் தனியாகப் போவதில்லை. எனக்குக் கோபம் வரும். உனக்கு ஒன்றுமில்லை என்று கத்துவேன். எதனால் ஒன்றுமில்லை என்பதை மட்டும் சொல்லமாட்டேன்.

அக்காவின் பெண்கள் இருவரையும் தூரத்தில் கட்டிக்கொடுத்ததால் அவளைப் பார்க்க மாசத்துக்கு ஒருமுறை நான்தான் போகிறேன். போன முறை சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வெகுநேரம் முடிச்சுகளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, அன்னிக்கு மணி கட்ட மறந்தேன் பாரு, எனக்கும் இந்த நோவு அப்பவே வந்துடுச்சிடா. நான் யாருகிட்டயும் சொல்லல. மாமா மாதிரி ஆய்ட்டேன்னா பொண்ணுங்க வூட்டுக்கு என்ன அனுப்பாத. அதுங்க மானம் பூடும். நீயே வெச்சிப் பாத்துக்கறியா? உன்னத் தவிர யாரையும் நான் நம்ப மாட்டேன்."

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன். சொல்ல வேண்டியது முழுதும் நாக்கு நுனிவரை வந்தது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்துக்கறேன்க்கா" என்றேன்.