முதல் கியரைப் போடு, வெர்லின்

என் வீட்டுக்காரன் வெர்லினுக்கு விளக்கத்தாள் என்றாலே ஆகாது. புதிதாக ஒரு சாமான் வந்தால், கூட வரும் தாளைக் கசக்கி எறிந்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவான். நான் நேர் எதிர். மன்சி ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் தினமும் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள். குறிப்பைப் பார்க்காமல் உப்புக்கூடப் போட மாட்டேன். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான் எங்கள் குடித்தனம் ஓடுகிறது.

பத்தொன்பது வருஷம் அவன் தகடு வளைக்கும் தொழிற்சாலையில் இருந்தான். ஒரு நாள் மட்டம் போட்டதில்லை. எழுபத்திரண்டாம் வருஷம் அதை இழுத்து மூடினார்கள். அப்புறம் மரக்கடையில் அரைநாள் வேலை கிடைத்தது, மத்தியானத்துக்கு மேல்தான் போக வேண்டும். காலையில் பத்து மணிவரை போர்வைக்குள்ளேயே கிடப்பான். கூப்பிட்டால் "ம்" என்பான், அவ்வளவுதான். வாய் ஓயாமல் கிண்டல் பேசிக்கொண்டிருந்த மனுஷன் அவன்.

அவனைக் கட்டிலை விட்டு எழுப்பியது ஒன்றே ஒன்றுதான், கராஜில் கிடந்த அந்தக் கார். கார் என்று அவன்தான் சொன்னான். வேலையில் இருந்தபோதே தபாலில் வரவழைத்த கண்ணாடியிழை உடம்பு, பந்தயக் கார் மாதிரி தரையோடு தரையாக இருக்கும். அதன் அடியில், எங்கோ மோதி நொறுங்கிய ஜெர்மன் ஃபோக்ஸ்வாகன் வண்டுக் காரின் அடித்தளமும் கியர்பாக்ஸும். அதில் பூட்ட எஞ்சின் மட்டும் நம் நாட்டு டெட்ராய்ட் சரக்கு, கார்வேர் என்ற காரிலிருந்து கழற்றிய ஆறு சிலிண்டர்.

ஜெர்மன்காரன் கியர்பாக்ஸும் டெட்ராய்ட்காரன் எஞ்சினும் லேசில் ஒத்துப்போகுமா? துளை வேறு, அளவு வேறு. நடுவே ஓர் அலுமினியத் தட்டை வைத்துத்தான் இரண்டையும் சேர்க்க வேண்டும். அந்தத் தட்டும் தபாலில் வந்தது. கூட வந்த தாளை வழக்கம்போல் எறிந்தான். நல்ல கெட்டித் தாளாக இருந்ததால் எடுத்து, அவசரத்தில் படிக்காமல், கரண்டி போடும் இழுப்பறையில் விரித்துவிட்டேன்.

இந்தக் கூத்தில் என் கார் நான்கு குளிர்காலம் வெளியே பனியில் நின்றது. இந்த ஜனவரியில் கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டப் போய் வழுக்கி விழுந்து மணிக்கட்டு விரிந்துபோயிற்று. அன்றைக்கு வெர்லினின் அண்ணன் டெல்மர் சாப்பிட வந்திருந்தார். வலியும் ஆத்திரமும் சேர, அவர் முன்னாலேயே கத்திவிட்டேன்.

"செப்டம்பர்ல வர்ற தொழிலாளர் தினத்துக்குள்ள அந்தக் கழுதை தன் சக்தியில கராஜை விட்டு வெளிய வரணும். இல்லையா, டெல்மர் வந்து அள்ளிக்கிட்டுப் போகட்டும்!"

டெல்மர் பழைய கார்களை உடைத்து விற்பவர். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. "நான் ரெடி!" என்று கையை நீட்டினார். வெர்லின் அந்தக் கையைக் குலுக்கினான். என் நாக்கை அறுத்துப் போடலாமா என்றிருந்தது. அது போய்விட்டால் இவன் மறுபடி போர்வைக்குள் போய்விடுவான், அப்புறம் எதைக் காட்டி எழுப்புவேன்? மார்ச்சில் ஒரு நாள், "கோவத்துல சொன்னதுப்பா, விடு" என்று கெஞ்சிப் பார்த்தேன். "கை குடுத்தது குடுத்ததுதான் நடீன்" என்றான். பொய் சொல்லத் தெரியாத மனுஷனோடு வாழ்வது லேசுப்பட்ட காரியமா?

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வந்தது, தொழிலாளர் தின விடுமுறை. கிளட்ச் கம்பியை முந்தின நாள்தான் மாட்டியிருந்தான். நின்ற இடத்திலேயே எஞ்சின் உறுமியது. ஆனால் கியரைப் போட்டு ஓர் அடி நகர்த்திப் பார்க்கவில்லை. காலையில் நான் ஆப்பிள் பை பலகாரம் வெட்டும் கத்தியைத் தேடி இழுப்பறையைக் கவிழ்த்தேன். அந்தத் தாள் விழுந்தது. எழுத்தைக் கண்டால் படிக்கிற ஜாதி நான். நின்றபடியே படித்தேன்.

கீழே, கட்டம் கட்டிப் போட்டிருந்தது. கார்வேர் எஞ்சின் மற்ற எஞ்சின்களுக்கு எதிர்ப் பக்கமாகச் சுற்றும். ஆகவே கியர்பாக்ஸைப் பிரித்து உள்ளே இருக்கும் கிரவுன் சக்கரம் என்கிற பெரிய பல்சக்கரத்தைப் பக்கம் மாற்றிப் பூட்ட வேண்டும். தவறினால் வண்டிக்குப் பின்னால் போக நான்கு கியரும் முன்னால் போக ஒரே ஒரு கியரும் இருக்கும்.

அவன் கியர்பாக்ஸைப் பிரிக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். கார் கராஜுக்குள் மூக்கை நுழைத்தபடி நிற்கிறது. மூக்குக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரோரமாகப் பெரிய ஃப்ரீசர். வெளியே எடுக்க ரிவர்ஸ் போடுவான். வண்டி முன்னால் பாயும். ஐந்து வருஷம் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய மூக்கு ஃப்ரீசரில் மோதிச் சிதறும்.

சொல்லிவிடலாம்தான். சொன்னால் என்ன செய்வான்? "வேலை முடியல அண்ணா, தோத்துட்டேன், எடுத்துக்கோ" என்று சாவியை நீட்டிவிடுவான். அந்தப் படுபாவி நேர்மையை எனக்குத் தெரியாதா? தாளை மடித்து ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டேன்.

மத்தியானம் டெல்மர் டிரெய்லரோடு வந்தார். இரண்டு சோளக்கதிர், ஒரு தட்டு உருளைக்கிழங்கு சாலட் உள்ளே போனதும் ஆரம்பித்துவிட்டார்.

"என்னடா தம்பி, தானா வருதா, இல்ல நான் கயிறு கட்டட்டுமா? டிரெய்லரைக் கழுவி வச்சிருக்கேன், உன் மகாராணி அழுக்காயிடக் கூடாது பாரு!"

"முதல்ல வாயில இருக்கறதை முழுங்குங்க டெல்மர்" என்றேன்.

வெர்லின் எழுந்து கராஜுக்குப் போனான். முகம் வெளுத்திருந்தது. உள்ளே உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினான். கை கியர்த் தண்டை ரிவர்ஸுக்குத் தள்ளப் போனது. ஓடிப்போய் ஜன்னல் வழியாக அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"முதல் கியரைப் போடு, வெர்லின்."

"பைத்தியமா உனக்கு? முன்னாடி ஃப்ரீசர் நிக்குது!"

"நிக்கட்டும். முதல் கியர்."

"நடீன், பாதிப் பன்னியோட கறி இருக்கு அதுக்குள்ள..."

"இருபத்தாறு வருஷத்துல ஒரே ஒரு தடவை, ஏன்னு கேக்காம நான் சொல்றதைச் செய்யேன்!"

என் கண்ணைப் பார்த்தான். என்ன தெரிந்ததோ, முதல் கியரைப் போட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிளட்சை மெல்ல விட்டான்.

வண்டி பின்னால் வந்தது! வெண்ணெயில் கத்தி போனது போல், கராஜை விட்டு, டெல்மரின் காலைத் தொட்டும் தொடாமலும், வாசல் பாதைக்கு வந்து நின்றது.

"ஐயோ கடவுளே" என்று நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாதமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த கல் இறங்கியது.

வெர்லினுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. கியர்த் தண்டைப் பார்த்தான், பின்னால் பார்த்தான். அப்புறம் புரிந்துவிட்டது. சிரித்தான் பாருங்கள், தொழிற்சாலை மூடியதற்கு அப்புறம் நான் கேட்காத சிரிப்பு! கழுத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு, மூன்று என்று கியர் மாற்றி, தெருக்கோடி வரை பின்னாலேயே பறந்தான். திரும்பும்போது ரிவர்ஸ் போட்டு, ஆமை மாதிரி முன்னோக்கி வந்தான்.

"இது செல்லாது!" என்று டெல்மர் குதித்தார். "பின்னாடில்ல ஓடுது!"

"தன் சக்தியில வெளிய வரணும்னுதான் பேச்சு. எந்தப் பக்கமா வரணும்னு யாரு சொன்னா?" என்றேன். "உள்ள வந்து ஆப்பிள் பை சாப்பிடுங்க."

டெல்மர் சிரித்துவிட்டார். இரண்டு துண்டு தின்றுவிட்டு வெறும் டிரெய்லரைக் கடகடவென்று இழுத்துக்கொண்டு போனார்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று வெர்லின் கேட்டான். ஏப்ரனிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். நின்ற இடத்திலேயே, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தான்.

"மறுபடி எஞ்சினை இறக்கணும். கியர்பாக்ஸைப் பிரிக்கணும். ஒரு மாசமாவது ஆகும்" என்றான்.

"நல்லதாப் போச்சு. வெளியவே வச்சுச் செய். கராஜ் இனிமே எனக்கு."

மறுநாள் ஆறு மணிக்கு விழிப்பு வந்தது. பக்கத்தில் படுக்கை ஆறிக் கிடந்தது. ஜன்னல் திரையை விலக்கினேன். என் கார் கராஜுக்குள் நின்றது. வாசல் பாதையில் அவன் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் அந்தத் தாளை விரித்து, காற்றில் பறக்காமல் அதன்மேல் ஒரு ஸ்பானரை வைத்திருந்தான்.

நான் மறுபடி படுத்து ஏழு மணிவரை நன்றாகத் தூங்கினேன்.