மலையடியில் மிஞ்சிய ஒரு கல்

விருந்தினர் வேட்டை விதிகளில் பதினோராவது விதி மிகத் தெளிவானது. விருந்தினர் வேட்டைக்கு வந்து இறங்கும் நாளில், முகாமைச் சுற்றி இரண்டு மைலுக்குள் லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை முகாம் எழுத்தரிடம் ஒப்படைக்க வேண்டும். முகாம் முடிந்த மறுநாள் காலையில் எழுத்தர் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்கு, ரசீது கொடு, பிறகு துப்பாக்கியைக் கொடு. என் உத்தியோக காலத்தில் இவ்வளவு சுத்தமாக எழுதப்பட்ட விதியை நான் அதிகம் பார்த்ததில்லை. இடைஞ்சல் பதின்மூன்றாவது விதியில் இருந்தது. வேட்டைப் பதிவேட்டில் விருந்தினர் கையெழுத்துப் போட்டால்தான் முகாம் முடிந்ததாகக் கருதப்படும் என்று அது சொன்னது. விருந்தினர் கையெழுத்துப் போடாமல் ஓடிவிட்டால் என்ன செய்வது என்று எந்த விதியும் சொல்லவில்லை. விதி எழுதியவர் சிறுத்தையை நேரில் பார்த்திருக்க மாட்டார்.

1946 புரட்டாசியில் இது நடந்தது. அப்போது நான் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் வன அலுவல் பார்த்த ஒரு சிறிய அலுவலகத்தில் இளநிலை எழுத்தன். விருந்தினர்களுக்கு நாங்கள் அனுப்பும் கடிதத்தில் 'வடக்கு மலைக்காடு' என்று ஒரு சொல் வரும். அதைப் படிப்பவர்கள் பனி மூடிய சிகரங்களைக் கற்பனை செய்துகொண்டால் அது எங்கள் குற்றமில்லை. சமஸ்தானத்துக்கு வடக்கே இருந்தது, மலையாக இருந்தது, காடும் இருந்தது. ஒரு சோம்பேறி ஆடு காலையில் ஏறத் தொடங்கினால் மத்தியானத்துக்குள் அந்தப் பக்கம் இறங்கி ரயில் பார்க்கலாம்.

அந்த வருஷம் வந்த விருந்தினர் ஊருக்குக் கப்பல் ஏறக் காத்திருந்த ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி. கப்பலுக்கு முன்னால் ஒரு சிறுத்தை வேண்டும் என்று எழுதியிருந்தார். எங்கள் கோப்பில் ஒரு சிறுத்தை இருந்தது. பல வருஷங்களாக ஒவ்வொரு அறிக்கையிலும் 'சிறுத்தை ஒன்று நடமாடுவதாகத் தெரிகிறது' என்று முந்தைய அறிக்கையைப் பார்த்து எழுதி வந்தோம். நான்கூட இரண்டு தடவை எழுதியிருக்கிறேன்.

வழிகாட்டி மலையடியில் கடலை விவசாயம் செய்த ஒருவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அந்த மலையில் எந்தப் பாறை எந்த நேரத்தில் நிழல் தரும் என்று தெரிந்தவர். இரண்டு மைல் வட்டத்துக்குள் இருந்த ஒரே லைசென்ஸ் துப்பாக்கியும் அவருடையதுதான். குழலில் வெடிமருந்து கிட்டித்துச் சுடுகிற பழைய துப்பாக்கி, அவருடைய அப்பா காலத்துச் சாமான். விதிப்படி அதை அவரிடமிருந்து வாங்கி, நம்பர் அட்டை கட்டி, ரசீது எழுதினேன்.

அவருடைய மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பத் தருவீக?" என்றார்.

"முகாம் முடிஞ்ச மறுநாள்."

"கடலை பிஞ்சு பிடிச்சிருக்கு. நாலு நாளு துப்பாக்கிச் சத்தம் கேக்கலேன்னா காட்டுப்பன்னி குடும்பத்தோட வந்து பந்தியில ஒக்காந்துரும். நெனப்புல வச்சுக்கங்க கிளார்க்கய்யா."

"மூணே நாள்தான்" என்றேன். நான் சொன்ன பொய்களில் அறியாமல் சொன்னது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை காட்டுக்குள் போகும் இடத்தில் வழிகாட்டி எல்லோரையும் நிறுத்தினார். அங்கே கருப்பருக்கு ஒரு வேலும் ஒரு பலகைப் பாறையும் உண்டு. காட்டுக்குள் போகிற ஒவ்வொருவரும் அந்தப் பாறையில் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வரும்போது ஆளுக்கு ஒன்றாக எடுத்து எறிந்துவிட வேண்டும். கடைசியில் கல் மிஞ்சியிருந்தால் யாரோ இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். அவர் வரும்வரை வேட்டை முடியாது. அதுவரை வெளியே வந்தவர்கள் யாரும் துப்பாக்கியைத் தொடவும் கூடாது. உள்ளே இருப்பவர் மேல் குண்டு பட்டுவிடலாம் என்பதால் வந்த ஏற்பாடு. எங்கள் வருகைப் பதிவேட்டைவிட நல்ல முறை. கல்லில் முன்தேதி போட முடியாது.

"கல்லை வச்சுட்டா திரும்பிப் பாக்கக் கூடாதுங்க. போய்க்கிட்டே இருக்கணும்" என்று சொல்லி, எல்லோர் கையிலும் ஒரு கல்லைக் கொடுத்தார். விருந்தினருக்கும் கொடுத்தார். விருந்தினர் அதைப் பார்த்து மிகவும் மகிழ்ந்து அவர் கையைக் குலுக்கினார். வழிகாட்டி தன் கல்லை முதலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவர் பின்னால் தப்புப் பறையும் தகரமுமாகக் காடு கலைக்கிற இருபது பேர். பிறகு விருந்தினர். கடைசியில் நான்.

நானும் ஒரு கல் வைத்தேன். வைத்துவிட்டு ஐம்பது அடி நடந்தேன். சூரைமுள் என் குடையைப் பிடித்து இழுத்தது. அலுவலகப் பொறுப்பு முகாமில்தான் அதிகம் என்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றியது. வண்டிப்பாதை வழியாகச் சுற்றிக் கூடாரத்துக்கு வந்து காப்பி குடித்தேன். அன்றைய பதிவேட்டுப் பக்கத்தில் 'குழுவினருடன் முழு நேரமும் உடன் சென்றேன்' என்ற வரியை அப்படியே விட்டுவிட்டேன். அந்த வாக்கியம் அச்சடித்த படிவத்திலேயே இருந்தது. அச்சடித்ததை அடிப்பது மரியாதையில்லை.

மலையில் நடந்ததை வழிகாட்டி பிறகு சொன்னார். விருந்தினரை ஒரு பாறையில் உட்கார வைத்து, கீழே இருந்து காட்டைக் கலைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் முயலும் மயிலும்தான் ஓடின. அப்புறம் எங்கள் கோப்புச் சிறுத்தை உண்மையிலேயே வந்துவிட்டது. வந்த இடம்தான் முறையில்லை. விருந்தினருக்கு முன்னால் வர வேண்டியது, பின்னால் இருந்த மேல்பாறையில் வந்து படுத்துக்கொண்டது.

"நான் கையைக் கையைக் காட்டுறேன், தொரை எனக்கு டாட்டா காட்டுறாருங்க. அப்புறந்தான் திரும்புனாரு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தாக. அது கொட்டாவி விட்டுச்சு. இவரு துப்பாக்கிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அங்கிட்டு எறங்குனாரு பாருங்க, என் வயசுல மனுசன் அப்புடி எறங்கி நான் பாத்ததில்ல."

அந்தப் பக்கம் இறங்கியவர் அப்படியே கீரனூர் போய் ரயில் ஏறிவிட்டார். அவருடைய சமையல்காரர் மறுநாள் பெட்டிகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

பாறையில் ஒரு கல் மிஞ்சியிருந்தது.

வழிகாட்டி துப்பாக்கி கேட்டு வந்தார். பதின்மூன்றாவது விதியைப் படித்துக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. கவனமாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றதும் சரிதாங்க. அங்கிட்டும் ஒரு கல்லு கெடக்கு. தொரை கணக்கு முடியல" என்றார். அவர் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை.

"தொரை ரயிலேறிப் போயிட்டாரு. நீங்க ரெண்டு பேரும் அவரு காட்டுக்குள்ள இருக்காருன்னு பேசிக்கிட்டு இருக்கீக. பன்னி ஒங்க சட்டத்தப் படிச்சுட்டா வருது? நேத்து ரெண்டு பாத்தியத் தோண்டிருச்சு."

எனக்கு உறுத்தியது. மறுநாள், தலைமை எழுத்தர் சாப்பிடப் போயிருந்தபோது, வழிகாட்டியை அலுவலகத்தின் பின்பக்கம் வரச் சொன்னேன். "சும்மா எடுத்துக்கிட்டுப் போங்க. கேட்டா நான் பாத்துக்கிறேன்" என்றேன். விதியை மீற நான் முன்வந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அவர் இரண்டடி பின்னால் போனார். "ஐயா, ஒங்க கையெழுத்து ஒங்க பாடு. எனக்குக் கல்லு கெடக்குல்ல? கல்லு கெடக்குறப்ப துப்பாக்கி தொட மாட்டேன்."

"அந்தக் கல்லை நீங்களே எடுத்து எறிஞ்சிடுங்களேன்."

"வச்ச ஆளு எடுக்கணும். இல்லாட்டி அவரு எடுக்கச் சொன்னாருன்னு தெரியணும்."

எங்கள் அலுவலகத்தில் சேர்ந்திருந்தால் அவர் வெகுதூரம் போயிருப்பார்.

கடலையைக் காப்பாற்றியது அவருடைய மனைவி. அந்த வாரம் நான் அவர்கள் கொல்லையைப் பார்க்கப் போயிருந்தேன். பன்றிகள் கிழக்கு மூலையை உழுது வைத்திருந்தன. அந்த அம்மாள் ஒரு செடியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். பாதிக் கடலை தின்னப்பட்டிருந்தது.

"வேட்டை முடியல, அப்படித்தானே கிளார்க்கய்யா?"

"ஆமாம்."

"அப்ப காடு கலைக்க வந்த இருவது பேரும் எப்புடி வீட்டுக்குப் போனாக? எங்க துப்பாக்கிக்கு மட்டுந்தான் வேட்டை முடியலையா?"

நான் அலுவலகத்துக்குத் திரும்பி விதிகளைப் புரட்டினேன். பதினேழாவது விதி அங்கே இருந்தது. முகாம் முடியும்வரை காடு கலைப்பவர்களைக் கலைய விடக்கூடாது. அவர்களை எங்கே நிறுத்துவது என்பது வழிகாட்டியின் விருப்பம். அந்தக் குறிப்பை எழுதித் தலைமை எழுத்தரிடம் வைத்தேன். எதையும் படிக்காமல் எல்லாவற்றிலும் சுருக்கொப்பம் போடுவதில் அவர் பெயர் பெற்றவர். போட்டார்.

அன்றிலிருந்து தினமும் பொழுது மசங்குகிற நேரத்தில் இருபது பேரும் கடலைக்கொல்லை ஓரத்தில் தப்படித்தார்கள், தகரம் தட்டினார்கள், இல்லாத விருந்தினருக்காகக் காட்டைக் கலைத்தார்கள். அவர்களுடைய கொல்லைகளும் அடுத்தடுத்தே இருந்ததால் யாரும் முணுமுணுக்கவில்லை. பன்றிகள் சில நாள் பார்த்துவிட்டு மலையின் மறுபக்கம் போய்விட்டன. அந்த வருஷக் கடலை வீட்டுக்கு வந்தது. அடுத்த வருஷமும் முகாம் முடியவில்லை. அடுத்த வருஷக் கடலையும் வந்தது. ஆனால் இருபது பேரையும் எத்தனை வருஷம் தப்படிக்க வைக்க முடியும்? இரண்டாம் அறுவடை முடியும்போதே நான்கு பேர் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். துப்பாக்கி வந்தாக வேண்டும்.

அது எங்கள் பழைய கோப்பு அறையில் சாய்ந்து நின்றது. ஒப்படைத்தவர் பொருளைப் பராமரிக்கலாம் என்ற உபவிதியைக் கண்டுபிடித்து அவரிடம் சொன்னேன். மாதத்தில் ஒரு நாள் பஸ்ஸில் வருவார். கல் கிடக்கிறபோது தொடக் கூடாது என்பதால் நான் துப்பாக்கியைப் பிடித்துக்கொள்வேன். அவர் ஒரு குச்சியில் துணி சுற்றி எண்ணெய் போடுவார். குழல் தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் தலைமை எழுத்தர் மேஜைக்குக் கீழே பேனா தேடுவார்.

"காலியாத்தான் இருக்குங்க" என்பார் வழிகாட்டி.

"தெரியும், தெரியும். பேனா விழுந்துடுச்சு."

விருந்தினருக்கு நான் எழுதிய கடிதத்தில் மூன்று பத்திகள் இருந்தன. முதல் பத்தி, பதிவேட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பும்படி. இரண்டாவது, சிறுத்தை நலமாக இருக்கிறது என்ற தகவல். மூன்றாவது, அவர் வைத்த கூழாங்கல்லை அவர் சார்பில் எடுத்து எறிய வழிகாட்டிக்கு அனுமதி தரும்படி. மூன்றாவதைத் தலைமை எழுத்தர் அடித்துவிட்டார். ஒரு கல்லை நகர்த்த எழுத்து அதிகாரம் கேட்ட அலுவலகம் என்று நாளைக்கு யாராவது சிரிப்பார்கள் என்றார். சுத்தப் பிரதி எழுதும்போது அதைத் திரும்பச் சேர்த்தேன். இந்தத் தடவை அவர் பழையபடி படிக்காமல் ஒப்பம் போட்டுவிட்டார்.

கடிதம் படைப்பிரிவுக்குப் போனது. படைப்பிரிவு கலைக்கப்பட்டிருந்தது. திரும்பி வந்தது. வேறொரு விலாசத்துக்கு அனுப்பினோம். மௌனம். நினைவூட்டல். மௌனத்துக்கு நினைவூட்டல். நடுவில் நாடு சுதந்திரம் அடைந்தது. பிறகு 1948 மார்ச் மாதத் தொடக்கத்தில் சமஸ்தானமும் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. பதிவேடுகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். ராஜ்யம் ஒன்று ஒழுங்காக முடிந்து கையெழுத்தாகிவிட்டது. அதன் வேட்டை முகாம் ஒன்று மட்டும் முடியாமல் என் மேஜையில் இருந்தது. புதிதாக வந்த அதிகாரி அந்தப் பக்கத்தைப் பார்த்து, "இந்த முகாம் இன்னும் நடக்குதா?" என்று கேட்டார்.

"ஆமாங்க ஐயா" என்றேன். பொய் சொல்லவில்லை.

அதற்குச் சில நாள் கழித்து வெளிநாட்டுத் தபால்தலையோடு ஒரு உறை வந்தது. பதிவேட்டுத் தாளில் கையெழுத்து இருந்தது. சிறுத்தைக்கு வணக்கம் தெரிவித்திருந்தார். மூன்றாவது பத்திக்கு வந்தபோது மனிதருக்குக் குழப்பம். தான் எந்தக் கல்லையும் எங்கும் வைக்கவில்லை என்று எழுதியிருந்தார். வழிகாட்டி அன்று காலை பரிசாகக் கொடுத்த அழகான கூழாங்கல் இப்போதும் தன் மேஜையில் காகிதம் பறக்காமல் காத்துக்கொண்டிருக்கிறது; அதை எடுத்து எறியச் சொல்வது ஏன் என்று வருத்தத்தோடு கேட்டிருந்தார்.

நான் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மறுநாள் காலையில் குடையையும் துப்பாக்கியையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்தேன்.

வழிகாட்டியும் மனைவியும் கொல்லையில் இருந்தார்கள். சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொன்னேன். சூரைமுள்ளையும் காப்பியையும்கூட விடவில்லை. வழிகாட்டி மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப உள்ள இருந்தது நீங்களாய்யா?" என்றார்.

அவர் மனைவி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "ஒண்ணரை வருசமா காட்டுக்குள்ள கெடந்த ஆளு. சட்டை கசங்காம வந்திருக்காரு பாருங்க!" அதற்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பு, அடுத்த கொல்லைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து விசாரிக்கும் அளவுக்கு இருந்தது. விசாரித்தவர்களுக்கு அவரே விவரம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் என் குடை கொஞ்சம் பெரிதானது.

எல்லோருமாக மலையடிக்குப் போனோம். கல் அங்கேயே இருந்தது, அடியில் எறும்பு கூடு கட்டியிருந்தது. வழிகாட்டி முறைப்படி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் எடுத்து எறிந்தேன். அது விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அவர் திரும்பி, கையைத் துடைத்துக்கொண்டு, துப்பாக்கியை வாங்கினார். குழலுக்குள் பார்த்தார்.

"எண்ணெய் பத்தாதுய்யா" என்றார். ரசீதை மட்டும் மறக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

அங்கேயே பாறை மேல் பதிவேட்டை விரித்துவைத்து, 'குழுவினருடன் முழு நேரமும் உடன் சென்றேன்' என்ற வரியை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். முகாம் முடிந்த நாள் என்ற கட்டம் பாக்கி இருந்தது. கையெழுத்தான நாளைப் போடுவதா, சிறுத்தை கொட்டாவி விட்ட நாளைப் போடுவதா என்று விதியில் இல்லை. பதில் வந்த நாளையே போட்டேன்: 1948 மார்ச் 19, வெள்ளிக்கிழமை.