போதும் என்பவர்களுக்கு என்ன விலை

என் கணவர் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். பணக்காரர்கள் ஊர் சுற்றும் பெரிய கப்பல்கள். கல்யாணமான நாளிலிருந்து வருவதும் போவதுமாகத்தான் இருந்தார். வருஷத்தில் முக்கால்வாசி கடலில், மிச்சம் தென்காசியில். மகள் பிறந்ததையும் அவள் பெரியவளானதையும் போனில்தான் கேட்டார். ஐம்பதை நெருங்கியபோது ஒருநாள், "இனிமே கப்பல் வேண்டாம்னு இருக்கேன். இங்கனயே ஒரு கடை போடுவமா?" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் என்ன கடை என்று கேட்கத் தோன்றவில்லை.

கூடவே சிரித்துக்கொண்டு ஒன்று சொன்னார். "ஓடலன்னா என்ன, ஏஜெண்டுக்கு ஒரு போன் அடிச்சா அடுத்த கப்பல்." அவர் விளையாட்டாகச் சொன்னதை நான் முந்தானையில் முடிந்துகொண்டேன். கடை ஓடினால் அவர் இருப்பார், ஓடாவிட்டால் போய்விடுவார். அதன் பிறகு மூன்று வருஷமாக எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

குற்றாலம் போகிற சாலையில் தென்னந்தோப்புக்குள் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். ஐந்தே மேஜை. இன்னது வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. அவர் முடிவு செய்ததுதான் சாப்பாடு. பதிமூன்று வகை, ஒன்று முடிந்த பிறகு அடுத்தது, ஒவ்வொன்றும் இரண்டு வாய். இதற்கு டேஸ்டிங் மெனு என்று பெயர். ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவர்கள் இப்படி ஒரு கடையை வைத்துப் பார் என்று ஏன் சேர்க்கவில்லையோ தெரியவில்லை. சேர்த்திருந்தால் நான் யோசித்திருப்பேன்.

அடுப்படி அவருக்கு, கூடமும் போனும் எனக்கு. முதல் சீசனில் போன் அடித்துக்கொண்டேதான் இருந்தது. "ரெண்டாயிரத்தி ஐநூறுங்கது ஆளுக்கா, குடும்பத்துக்காம்மா?" என்று கேட்பார்கள். ஆளுக்கு என்றதும் அந்தப் பக்கம் போனை வைத்துவிடுவார்கள். சிவகிரியிலிருந்து ஒருவர், முதல் பந்தி எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஆட்டோ ஸ்டாண்டில் எங்களுக்கு வைத்த பேர் கிள்ளி வைக்கிற ஓட்டல். அந்தப் பேரைச் சொன்னால்தான் வழியே சொல்லுவார்கள். எனக்குக் கோபம் வரும். அவர் மட்டும் சிரிப்பார்.

சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. சாரலில் நனைந்து வருகிறவர்களுக்கு முதலில் சின்னக் கிண்ணத்தில் மிளகு ரசம். பிறகு உளுந்தஞ்சோறு ஓர் உருண்டை, மேலே எள்ளுத் துவையல் ஒரு பொட்டு. கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கைச் சுட்டு, அதன்மேல் விரால் மீன். நடுவில் தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியும். கடைசியில் மங்குஸ்தான் சுளையை உறைய வைத்து, கருப்பட்டிப் பாகு ஊற்றிக் கொடுப்பார். அந்த மங்குஸ்தானுக்காக அவர் எத்தனையோ நாள் மெனக்கெட்டார். சென்னையிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் வந்தவர்கள் ஒவ்வொரு தட்டையும் போட்டோ எடுத்துவிட்டுத்தான் சாப்பிட்டார்கள். சீசன் முடிந்ததும் அவர்கள் போய்விட்டார்கள். அதன் பிறகு எங்களுக்கு இந்த ஊர் ஆட்கள்தான் கதி.

மரக்கடை அண்ணாச்சி ஒருவர் இருந்தார். செங்கோட்டை ரோட்டில் பெரிய மரக்கடை. தன் கல்யாண நாளுக்கு மனைவி, மகன், மருமகளோடு வந்தார். பதிமூன்று வகையும் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு தட்டையும் எடுக்கும்போது, "பிரமாதம்மா, பிரமாதம்" என்றார். கடைசியில் நான், வேறு ஏதாவது வேணுமா அண்ணாச்சி என்று கேட்டேன். "போதும்மா போதும், வயிறு நெறஞ்சிட்டு" என்று வயிற்றைத் தடவிக் காட்டினார். சில்லறை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் கணவர் அன்றைக்கு அடுப்படியில் பாட்டே பாடினார்.

நாங்கள் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பரோட்டாக் கடை. வாசலில் அண்ணாச்சியின் கார். உள்ளே குடும்பமே உட்கார்ந்திருந்தது. அண்ணாச்சி பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவில் குழைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி வேண்டாம் வேண்டாம் என்று நீட்டிய கையைத் தள்ளிவிட்டுக் கடைக்காரர் நாட்டுக்கோழியை வைக்க, அந்த அம்மா அதை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்துவிட்டேன். என் கணவர் வண்டியின் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

வீட்டில் உட்கார்ந்து அவரிடம் சொன்னேன். "நம்ம ஊர்ல மொதத் தடவ போதும்னு சொன்னா அது போதும்னா அர்த்தம்? ரெண்டு தடவ வேண்டாம்பாங்க. மூணாவது தடவ நாமளா வைக்கணும். கேட்டு வாங்கித் திங்கதுக்கு அவங்களுக்குக் கேவலமா இருக்காதா?" அவர் இங்கேயே பிறந்தவர்தான், தெரியாத விஷயமா? ஆனால் இத்தனை வருஷம் கப்பலில் பரிமாறிப் பரிமாறி, போதும் என்றால் தட்டை எடுத்துவிடும் பழக்கம் வந்துவிட்டது. "அப்ப இத்தன நாளா ஊரையே பட்டினி போட்டு அனுப்பிருக்கேன்" என்றார். யானைப் பசிக்குச் சோளப்பொரி வைத்து அதற்குப் பில்லும் போட்டிருக்கிறோம். அன்றிலிருந்துதான் நான் கடைக்குள் கை வைத்தேன்.

முதலில் விலையைக் குறைக்கச் சொன்னேன். பதிமூன்றை எட்டாக்கி ஆயிரத்து ஐந்நூறு. உள்ளூர்க்காரர்கள் கொஞ்சம் வந்தார்கள். அடுத்த சீசனில் வெளியூர்க்காரர்கள், போன வருஷம் பதிமூன்று இருந்ததே, ஏன் தரம் இறங்கிவிட்டது என்று எழுதிவிட்டார்கள். சரி என்று சீசனுக்கு ஒரு விலை, மற்ற மாதங்களுக்கு ஒரு விலை வைத்தோம். சீசன் என்பது எது என்று அருவிக்கே தெரியாதபோது எங்களுக்கு எப்படித் தெரியும்? தண்ணீர் வரவில்லை என்றால் குற்றாலத்துக்கு ஆளே வருவதில்லை. அதிகமாக வந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுகிறார்கள், வந்தவர்கள் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போகிறார்கள். காலையில் மெயினருவியில் தண்ணீர் எப்படி என்று விசாரித்துவிட்டு விலை சொன்ன நாட்களும் உண்டு. பிறகு குழந்தைகளுக்குப் பாதி. பிறகு சைவத்துக்குத் தனி விலை. பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பழையபடி ஒரே விலை. ஒவ்வொரு தடவையும் வாசல் பலகையை அழித்து எழுதுவது நான்தான்.

கடைசியில் மறுசோறு கொண்டுவந்தேன். எதை எத்தனை தடவை கேட்டாலும் வைப்போம், கேட்காவிட்டாலும் வைப்போம், எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஆயிரத்து நூறு. ஐடியா முழுக்க என்னுடையது. பரிமாறும் பெண்களிடம், "போதும்னு சொன்னா காதுலயே வாங்காதீங்க" என்று சொல்லி வைத்தேன். மேஜை மேஜையாக நானே போய், "அட, இன்னும் கொஞ்சம் வாங்கிக்கிடுங்க" என்று மல்லுக்கட்டினேன். போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்பதெல்லாம் பந்தியில் செல்லாது. கடை நிறைய ஆரம்பித்தது. மரக்கடை அண்ணாச்சி மறுபடி வந்து, "இப்பதான்மா இது கடை" என்றார்.

ஆனால் எதை மறுபடி கேட்டார்கள் என்றால், சொதியையும் உளுந்தஞ்சோற்றையும்தான். சொதி இங்கே மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்கு வைப்பது. எந்த மாப்பிள்ளையும் அதைக் கரண்டிக் கணக்கில் சாப்பிட்டதில்லை. இவர்களும் வாளி வாளியாக வாங்கினார்கள். மற்ற தட்டுகள் அப்படியே திரும்பி வந்தன. நான்தான் போய்ச் சொல்லுவேன். "கப்பக்கெழங்கு மீன யாரும் தொடல. எடுத்துரலாமா?" "சரி" என்பார். அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கும் சரி. ஒன்றை எடுத்தால் விலையில் நூறு குறையும், விலை குறைந்தால் இன்னும் நாலு பேர் வருவார்கள். மங்குஸ்தானை எடுக்கச் சொன்னபோது மட்டும் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அதற்கும் சரி என்றார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மூன்றாவது வருஷம் எங்கள் டேஸ்டிங் மெனு என்பது வாழை இலையும் சொதிச் சாப்பாடும், விலை முந்நூற்று ஐம்பது. தென்காசியில் பாதிக் கல்யாண வீட்டில் இதே சாப்பாட்டை இதைவிட நன்றாகச் செய்வார்கள்.

கடை ஓடியது, அவர் இருந்தார். நான் நினைத்தது நடந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அடுப்படியில் பாட்டுச் சத்தம் நின்று வெகுநாள் ஆயிருந்தது. தேங்காய்ப்பால் பிழிவதற்கும் முருங்கைக்காய் நறுக்குவதற்கும் கப்பலில் படித்தவர் தேவையில்லை. உதவிக்கு இருந்த வாசுதேவநல்லூர்க்காரப் பெண்ணே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். அவர் பின்வாசலில் உட்கார்ந்து போன் பார்ப்பார். எனக்குக் காலும் தொண்டையும் ஓய்ந்துபோயிருந்தன. இருவரும் ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் திரும்பினோம், பேச ஒன்றும் இல்லை. இதற்குக் கப்பலே தேவலை என்றுகூட ஒருநாள் நினைத்தேன். அப்போதாவது வாரத்துக்கு ஒருமுறை போனில் சிரித்துப் பேசுவார்.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம், கூட்டம் போன பிறகு வந்து சொன்னார். "ஏஜெண்டு கூப்பிட்டான். நல்ல கப்பல்தான். போயிட்டு வரட்டா?"

"ஒங்க இஷ்டம்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. இனிமேல் விலைப் பலகையை அழித்து எழுத வேண்டாம் என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. மூன்று வருஷம் யாரைப் பிடித்து வைக்கப் பாடுபட்டேனோ அவர் போகிறேன் என்கிறார், எனக்கு வருவது நிம்மதி. என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து நான் சட்டைகளை மடித்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, ஒண்ணு கேக்கேன், கோவப்படக் கூடாது" என்றார். "கடையப் பூட்டிட்டா உனக்கு ரொம்ப வருத்தமா இருக்குமோ?"

"எனக்கென்ன வருத்தம்? ஒங்க கடை."

"என் கடையா? நான் மொத வருசமே பூட்டிருப்பேன். அந்த அண்ணாச்சிய பரோட்டாக் கடையில பாத்தம்லா, அன்னைக்கே எனக்கு விட்டுப்போச்சு. நீ மாத்தி மாத்தி வெல போட்டு அவ்வளவு பாடுபடுத. சரி, இவளுக்குக் கடைமேல உசுரு போலன்னு நெனச்சேன். அதான் நீ எத எடுக்கச் சொன்னாலும் எடுத்தேன்."

மடித்துக்கொண்டிருந்த சட்டையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். "எனக்கு எதுக்குக் கடை? ஓடலன்னா கப்பலுக்குப் போயிருவேன்னு சொன்னீயல்லா. நீங்க போயிரக் கூடாதேன்னுதான் இவ்வளவும்."

அவர் என் கையிலிருந்த சட்டையை வாங்கிக் கட்டிலில் வைத்தார். பிறகு மெதுவாக, "அத வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்லா" என்றார். "எத்தன தடவ போயிருக்கேன். ஒவ்வொரு தடவையும், இந்தத் தடவ இவ போவாதீயன்னு சொல்லுவான்னு பாப்பேன். நீ பெட்டிய அடுக்கிக் குடுப்ப. அதுல முறுக்கு வேற வச்சிருப்ப."

ஆமாம், வைத்திருப்பேன். முதல் தடவை போனபோது அழுது வழியனுப்பக் கூடாது, போகிறவருக்கு அது ஆகாது என்று சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாகவே இருபது வருஷத்துக்கு மேல் அனுப்பிவிட்டேன். அவர் இல்லாத ராத்திரிகளில் நான் எப்படி இருந்தேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நான் எதையும் சொன்னவள் இல்லை. முன்பின் தெரியாதவர்களைப் போய்க் கெஞ்சிக் கெஞ்சிச் சாப்பிட வைத்த வாய் இது.

"போவாதீய" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அவர் சரி என்று தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்தாரா, முகத்தைத் துடைத்தாரா தெரியவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காக, "நாளைக்கு எத்தன பேரு சொல்லிருக்காங்க?" என்று கேட்டார்.

இரண்டு குடும்பம் சொல்லி வைத்திருந்தது. "யாரும் இல்ல" என்றேன்.